தெர்மாகோல் பாறையை டிராகன் கடித்தால் என்ன ஆகும்?

போன மாதம் ஊர்வன வளர்ப்பு பற்றி நான் எழுதிய பதிலில், தொட்டியின் பின்சுவரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம்.

அண்ணா, பையனின் பிடிவாதத்தால் பியர்டட் டிராகன் என்கிற பல்லி ஒன்றை வாங்கிவிட்டோம். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. தெர்மாகோலில் பாறை மாதிரி செதுக்கி, மேலே சிமென்ட் பூசி பின்பக்கம் வைக்கலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்கிறார். என் மைத்துனர் தெர்மாகோலே விஷம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- கோயம்புத்தூர் வாசகர்

இரண்டு பேரும் பாதி பாதி சரி. விஷமா இல்லையா என்று மொட்டையாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்தப் பொருள் சூடானால் என்ன ஆகிறது, நனைந்தால் அதிலிருந்து என்ன கசிகிறது, ஒரு துண்டு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் உங்கள் தொட்டிக்குள் இருக்கிற விலங்கை வைத்துக் கேட்க வேண்டும். டிராகனுக்குச் சரியாக இருக்கிற சுவர் கெக்கோ என்கிற இன்னொரு வகைப் பல்லிக்குச் சரியாக இருக்காது.

டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வருகிற சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் அறைச் சூட்டில் எதையும் கக்கிக்கொண்டு இருப்பதில்லை. ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டும்போதுதான் இளகத் தொடங்கும். டிராகன் வெயில் காய்கிற இடத்தில் 40 டிகிரி சூடு போதும், அதனால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 40 டிகிரி பல்புக்குக் கீழே இருக்கிற கல்லின் சூடு. பல்புக்குப் பக்கத்தில் சுவர் துருத்திக்கொண்டு வந்தால் அந்த மூலையின் சூடு வேறு கணக்கு. பீங்கான் ஹீட்டர் போட்டால் இன்னும் மோசம், அதன் மேற்பரப்பு 200 டிகிரியைக்கூடத் தாண்டும். ஆகவே விளக்குக்கும் சுவருக்கும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்ட பிறகு, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்போமே அந்த மாதிரி வேலை செய்கிற, ஆனால் பொருள்களின் சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சுவர் முழுக்க ஒரு தரம் அளந்து பாருங்கள்.

கட்டட வேலைக்கு விற்கிற தெர்மாகோல் பலகையை மட்டும் வாங்காதீர்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க அதில் ரசாயனம் சேர்ப்பது உண்டு. நீண்ட காலமாகச் சேர்த்துவந்த எச்பிசிடி என்ற பொருளை 2013-ல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்கிற சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய சரக்கில் அது இருக்கிறதா இல்லையா என்று ஹார்டுவேர் கடைப் பையனைக் கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம். பெட்டியில் வருகிற பேக்கிங் தெர்மாகோல் இலவசம், அதுவே போதும்.

உண்மையான தொல்லை, அது வயிற்றுக்குள் போவதுதான். டிராகன் ஒரு பூச்சியைத் துரத்திப் போய்ச் சுவரில் வாயை வைக்கும், நகத்தால் பிறாண்டும். வெள்ளை உருண்டைகள் உதிர்ந்து குடலில் அடைத்தால் அது அறுவை வரைக்கும் போகிற சமாச்சாரம். டிராகன் சும்மா இருந்தாலும் நீங்கள் இரையாகப் போடுகிற பூச்சிகள் சும்மா இருக்காது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இரையாகப் போடுகிற மீல்வார்ம் புழுக்கள் 100 சேர்ந்து ஒரு நாளைக்கு 34 முதல் 39 மில்லிகிராம் வரை தெர்மாகோலைத் தின்றன. உலகத்துக்கு அது நல்ல செய்தி, உங்கள் சுவருக்கு அல்ல. அதனால் முன்பக்கம் மட்டும் பூசிவிட்டுப் பின்பக்கத்தையும் ஓரங்களையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு அங்குலம் வெள்ளை தெரிந்தாலும் புழு அங்கேதான் போய் நிற்கும்.

பூச்சுக்குச் சிமென்டோ, டைல்ஸ் இடுக்கில் நிரப்புகிற கிரௌட்டோ எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் கிரௌட் பிடிக்கும், அதில் மணல் மென்மையாக இருக்கும், விரிசலும் குறைவு. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தது என்று பையில் எழுதியிருந்தால் மட்டும் வைத்துவிட்டு வேறு எடுங்கள். முதல் பூச்சு மோர் பதத்தில் இருக்க வேண்டும், செதுக்கிய இடுக்குகளுக்குள்ளெல்லாம் ஓடிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அடுத்த இரண்டும் இட்லி மாவுப் பதம். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஒரு நாள். காயும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். புது வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறோமே, அதே காரணம்தான். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சைச் சிமென்ட் தோலை அரித்துவிடும்.

அந்த அரிப்புதான் அடுத்த விஷயம். ஈரச் சிமென்டின் பிஎச் அளவு 12-க்கும் மேலே, அதாவது கடும் காரம். அதைக் கழுவாமல் உள்ளே வைத்தால், சுவரில் தெளித்த தண்ணீரை நக்குகிற விலங்கு சுண்ணாம்புத் தண்ணீரை நக்குகிறது என்று அர்த்தம். பூச்சு முழுக்க இறுகிய பிறகு சுவரை ஒரு டப்பில் தண்ணீரில் ஊற வையுங்கள் (மிதக்கும், மேலே கல்லை வையுங்கள்), தினமும் தண்ணீரை மாற்றுங்கள், மீன் கடையில் கிடைக்கிற பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். ஊறிய தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே நிறம் காட்டுகிற வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

நிறத்துக்குப் பெயின்ட் தேடி அலைய வேண்டாம். நம் ஊர் பழைய வீடுகளில் சிவப்புத் தரை போட்டார்களே, அந்த ரெட் ஆக்சைடு பொடியைச் சிமென்டிலேயே கலந்துவிடுங்கள். அது வெறும் இரும்பு ஆக்சைடு, கரையாது, உரிந்து வராது. சிமென்ட் எடையில் நூற்றுக்கு 5 பங்கு போதும். கறுப்பு, மஞ்சள் பொடியும் கிடைக்கிறது, மூன்றையும் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியப் பாலைவனத்தையே கொண்டுவந்துவிடலாம். டிராகனின் சொந்த ஊர் அதுதானே. கடையில் கேட்கும்போது மட்டும் தெளிவாகக் கேளுங்கள். அதே கடையில் "ரெட் ஆக்சைடு" என்ற பெயரிலேயே இரும்பு ஜன்னலுக்கு அடிக்கிற பிரைமரும் இருக்கும். அது எண்ணெயும் தின்னரும் கலந்தது, முழுக்க வேறு பொருள், தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தெர்மாகோல் அடுக்குகளை ஒட்டுவதில் என் அனுபவம் ஒன்று. நான் செய்த முதல் சுவருக்கு, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்துகிற மஞ்சள் பசையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செதுக்கிய பாறை, வெயிலில் வைத்த குல்ஃபி மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. அந்தப் பசையில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்ட்டும் இதையேதான் செய்யும். மரவேலைக்கான வெள்ளைப் பசை கரைக்காது. அதில் தண்ணீரைத் தாங்குகிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். கிரெஸ்டட் கெக்கோவுக்குக் கண்ணாடியில் நுரை அடித்து, சிலிகான் தடவி, தேங்காய் நார்த்தூள் ஒட்டிச் சுவர் செய்ய ஆசை. நுரையில் இருந்து நச்சு வாயு வருமா? சிலிகான் எது வாங்குவது? குளிர்காலத்தில் கராஜில் வைத்துச் செய்யலாமா?
- ஸ்கார்பரோ வாசகர்

உங்கள் கெக்கோவின் சொந்த ஊர் நியூ கலிடோனியா. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்ததை 1994-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு 28 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது என்பதால் மேலே சொன்ன விளக்குச் சூட்டுக் கவலை உங்களுக்கு அவ்வளவாக இல்லை. உங்களுக்குக் கவலை ஈரம்தான். தினமும் தண்ணீர் தெளிப்பீர்கள், அது சுவரில் வழியும், கெக்கோ கிண்ணத்தை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கிற துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் சுவரில் என்ன இருக்கிறதோ அது தினமும் அதன் வயிற்றுக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் வருகிற பியூ (பாலியூரித்தேன்) நுரை இறுகுவதற்கு முன்பு நிஜமாகவே கெட்ட பொருள். அதில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பழுதாக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. உந்துவாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் பைலட் சுடர் எரிகிற ஹீட்டர் இருக்கக் கூடாது. கையில் ஒட்டினால் நாள் கணக்கில் போகாது. ஆனால் முழுக்க இறுகிய நுரை எதனோடும் வினைபுரியாத பிளாஸ்டிக், ஈரத்தில் கசிவதில்லை. ஆக ஆபத்து கெக்கோவைவிட முதலில் உங்களுக்குத்தான், கதவைத் திறந்து வைத்து முகமூடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள்.

முழுக்க இறுகியது என்றேன் இல்லையா, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த நுரை காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஒரே மூச்சில் கைப்பருமனுக்கு அடித்துவிட்டால் மேல் தோல் இறுகி, உள்ளே ஈரம் போக வழியில்லாமல் பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். நான்கு நாள் கழித்து நீங்கள் கத்தியால் செதுக்கும்போது அந்தப் பிசின் வெளியே வரும். மெல்லிய அடுக்காக அடித்து, லேசாகத் தண்ணீர் தூவி, ஒரு நாள் விட்டு அடுத்த அடுக்கு. கனடாக் குளிர்காலக் கராஜ் இதற்குச் சரிப்படாது. குளிர்ந்த டப்பாவில் நுரை பொங்காது, குளிர்காற்றில் ஈரமும் கிடையாது. பொறுக்க முடியுமானால் மே மாதம் வரை பொறுங்கள். முடியாவிட்டால் ஒரு ஓரத்தை மட்டும் இப்போது செய்து பழகுங்கள்.

சிலிகான் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள். முழுக்கச் சிலிகான் என்று இருக்க வேண்டும். குளியலறை, சமையலறை என்று எழுதி, பூஞ்சை பிடிக்காது என்று பெருமை பேசுகிற டியூப் வேண்டாம். பூஞ்சையைக் கொல்வதற்கு அதில் மருந்து போட்டிருக்கிறார்கள், அது சுவரிலேயே தங்கியிருக்கும். மீன் தொட்டிக்கு என்று விற்பது நிம்மதி. தடவியதும் வினிகர் வாசனை அடிக்கும், அது அசெட்டிக் அமிலம்தான், இறுகுகிறபோது வெளியேறி முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், எனவே தடிமனாகத் தடவினால் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். சிலிகான் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது, உரிந்து வரும். அதனால்தான் ஈரமாக இருக்கும்போதே நார்த்தூளை அழுத்திவிடுகிறோம். சிறு சிறு இடமாகத் தடவி உடனே தூளைக் கொட்டுங்கள், பத்து நிமிடம் விட்டால் மேல்தோல் கட்டிவிடும், அப்புறம் எதுவும் ஒட்டாது.

நார்த்தூள், வேடிக்கை பாருங்கள், பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்தே கப்பல் ஏறி அங்கே வந்திருக்கலாம். கழுவியது, உப்பு குறைந்தது என்று பார்த்து வாங்குங்கள். கழுவாத தூளில் சோடியம், பொட்டாசியம் உப்பு நிறைய இருக்கும், தண்ணீர் தெளித்ததும் சுவரில் வெள்ளையாகப் பூக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல கெக்கோக்களைப் பாடாய்ப் படுத்திய விஷயம்: சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருக்கக் கூடாது. கெக்கோ உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். முட்டையும் அங்கேயே போய் இடும், அதை எடுக்க நீங்கள் சுவரையே பெயர்க்க வேண்டி வரும்.

நீர் ஆமைத் தொட்டிக்குள் தெர்மாகோல் பாறை வைக்கலாமா? சிவப்புக் காது ஆமைகள் இரண்டு இருக்கின்றன.
- கொளத்தூர், சென்னை

வேண்டாம். ஆமை கடிக்கும், அது மட்டும் இல்லை, தெர்மாகோல் மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு சிலிகான் போட்டாலும் ஒரு நாள் நடு ராத்திரி டபக்கென்று பிய்த்துக்கொண்டு வந்து ஹீட்டரையும் ஃபில்டரையும் தட்டிவிடும். கண்ணாடிக்கு வெளியே படம் ஒட்டுங்கள். உங்கள் தெருவைச் சுற்றி இருக்கிற மீன் கடைகளிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும். வேலையும் பத்து நிமிடம்தான்.

கார்ன் பாம்புத் தொட்டிக்குத் தோட்டத்து மரக்கிளைகளையும் கடற்கரையில் பொறுக்கிய கட்டைகளையும் சேர்த்துப் பின்சுவர் அமைக்க விரும்புகிறேன். எந்த மரம் ஆகாது?
- தூத்துக்குடி

அரளி ஆகவே ஆகாது. இலை, பட்டை, காய்ந்த குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. எருக்கு, கள்ளி மாதிரி பால் வடிகிற எதையும் தொடாதீர்கள். தைலமரம், கற்பூரமரம், பிசின் வாசனை தூக்கலாக அடிக்கிற பைன், சிடார் இவையும் வேண்டாம், மூடிய தொட்டிக்குள் அந்த எண்ணெய் ஆவி பாம்பின் மூச்சுக்கு ஆகாது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் இருக்கிற வாசனையை மேலண்ணத்தில் கொண்டுபோய் வைத்துத்தான் உலகத்தையே தெரிந்துகொள்கிறது. நமக்கு லேசாக மணக்கிறது என்றால் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொய்யாக் கிளை நல்லது, மருந்து அடிக்காத மரமாக இருக்கட்டும். பழைய கதவு, ஜன்னல் சட்டம் போன்ற பெயின்ட் அடித்த மரத்தைப் பயன்படுத்தாதீர்கள். பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்பு அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும். கடற்கரைக் கட்டையைப் பல நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊற வைத்து, முடிந்தால் கொதிக்க வைத்து, வெயிலில் காய வையுங்கள். உங்கள் கடற்கரையில் பவளத் துண்டும் கடல் விசிறியும் ஒதுங்கும். அழகாக இருக்கிறது என்று அவற்றை எடுத்துச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். 2001-லிருந்தே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, கையில் வைத்திருந்தால் வழக்கு.

அப்புறம் இன்னொன்று. பாம்பு புதிதாக வந்ததா? அப்படியானால் முதல் இரண்டு மூன்று மாதம் சுவரே வேண்டாம். பாம்பு உண்ணிகள் இடுக்குகளில்தான் ஒளியும். வெறும் காகிதம் விரித்த தொட்டியில் இருந்தால் உண்ணி வந்ததும் கண்ணில் படும், மரமும் பட்டையுமாக இருந்தால் அத்தனையையும் பிரித்து எறிய வேண்டியிருக்கும்.

மதுரையில் இருந்து எழுதுகிறேன். சுவர் செய்து, எனாமல் பெயின்ட் அடித்து, மூன்று நாளில் லெப்பர்ட் கெக்கோவை விட்டுவிட்டேன். தொட்டியைத் திறந்தால் இன்னும் வாசனை வருகிறது. கெக்கோ சாப்பிடவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து வெளியே வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, காற்றுக்கு ஓட்டை, கீழே டிஷ்யூ காகிதம், ஒரு மறைவிடம், அடியில் ஒரு பக்கம் மட்டும் இதமான சூடு, இது போதும். வாயைத் திறந்து மூச்சு விடுவது நல்ல அறிகுறி இல்லை, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள். பெயின்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள், அதில் எழுதியிருப்பது அவருக்கு உதவும்.

அந்தச் சுவரை என்ன செய்வது என்று கேட்டால், நானாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். எனாமலில் இருக்கிற கரைப்பான் போக வாரக்கணக்கில் ஆகும், தொட்டிச் சூட்டில் அது மறுபடி மறுபடி கிளம்பும். மேலே வார்னிஷ் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த முறை தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வண்ணம், அதற்கு மேலே தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ். வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷனில் பாசி பிடிக்காத மருந்து கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

எதைப் பூசினாலும் சரி, விலங்கை விடும் முன்பு இதைச் செய்யுங்கள். காலியான தொட்டிக்குள் சுவரை வைத்து, விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, தண்ணீரும் தெளித்து, மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் காபி குடிப்பதற்கு முன்பு திறந்து, உள்ளே முகத்தை விட்டு முகர்ந்து பாருங்கள். மண் வாசனையைத் தவிர எது வந்தாலும் இன்னும் ஒரு வாரம். மறுபடி முகருங்கள். நான் ஒரு சுவருக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன், வீட்டில் கேலி செய்தார்கள், பரவாயில்லை.

தொட்டியைத் துடைக்க ஃபினாயில் பயன்படுத்துகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். ஊர்வனவற்றுக்கு ஃபீனால் ஆகாது. அதே அறையில் கொசுவர்த்தியும் லிக்விடும் எரிந்தால் சுவரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுப் பயனில்லை.

கடப்பாக் கல் துண்டுகளை அடுக்கிச் சுவர் செய்தால் ரசாயனப் பிரச்சினையே இல்லையே?
- சேலம்

ரசாயனம் இல்லை, எடை இருக்கிறது. கல்லை மணலுக்கு மேலே அடுக்கினால், அடியில் குழி தோண்டுகிற பல்லி நசுங்கிச் சாகும். தொட்டியின் தரைக்கண்ணாடியில் ஒரு ரப்பர் பாய் போட்டு, அதன்மேல் கல்லை வைத்துச் சிலிகானால் ஒன்றோடொன்று பிணைத்து, அப்புறம் மணலைக் கொட்டுங்கள். ஸ்டாண்டு தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு நட்சத்திர ஆமைக்குத் தொட்டியில் செம்மண் சுவர் கட்டலாமா?
- திருச்சி

கட்ட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடத்தல் அதிகமானதால் 2019-ல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு அதை உயர்த்திவிட்டார்கள். எப்படி வந்தது என்று உங்களை நான் கேட்கவில்லை. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், காட்டில் நீங்களாகக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், வீட்டில் தொற்றிய நோய் அங்கிருக்கிற ஆமைகளுக்கும் போகும்.